சொந்த மரத்தை நாமே அறுக்கலாமா? 'நகரும் சாமில்' வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

வரப்பு ஓரத்தில் இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் நட்ட தேக்கு இன்று கட்டிப்பிடிக்க முடியாத அளவுக்குப் பருத்து நிற்கிறது. வியாபாரி வருகிறார், அண்ணாந்து பார்க்கிறார், ஒரு விலை சொல்கிறார். அதே தேக்கைப் பலகையாக மரவாடியில் விசாரித்தால் விலை எங்கேயோ இருக்கிறது. "இடையில இருக்கிற அந்தக் காசை நாமளே ஏன் எடுக்கக் கூடாது?" என்று மரம் வளர்த்த விவசாயிக்குத் தோன்றுவது இயல்பு.

இந்தக் கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் பதில், நகரும் மர அறுவை இயந்திரம். ஒருவரோ இருவரோ தடியைத் தண்டவாளம் போன்ற சட்டத்தில் ஏற்றி, ரம்பத்தைத் தள்ளிக்கொண்டே போக, பளபளவென்று பலகை விழும் வீடியோக்கள் ஏராளம். பார்ப்பவர்களுக்கு, "இது ஒண்ணு வாங்கிட்டா போதும்" என்ற எண்ணம் வந்துவிடும்.

ஆனா, இந்த விஷயத்தில் இயந்திரம் வாங்குவதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. இந்தியாவில் மரம் அறுக்கும் இயந்திரத்துக்கு உரிமம் தொடர்பான விதிகள் இருக்கின்றன. அறுத்த பலகையைக் காயவைப்பது தனி வேலை. கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லோருக்கும் இது கட்டுப்படியாகாது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நகரும் சாமில் என்றால் என்ன?

ஊரில் இருக்கும் வழக்கமான சாமில்லில் பேண்ட் சா ஒரே இடத்தில் நிற்கும். மரத்தடி டிராலியில் ஏறி ரம்பத்தை நோக்கி வரும். நகரும் சாமில்லில் இது தலைகீழ். தடி அசையாமல் கிடக்கும். ரம்பம் பொருத்திய தலைப்பகுதி அதன் மேல் நகர்ந்து போகும். அதனால் பெரிய கட்டடமோ கனமான அடித்தளமோ தேவையில்லை. சில மாடல்களை வண்டிக்குப் பின்னால் மாட்டி, மரம் விழுந்த இடத்துக்கே இழுத்துப் போகலாம்.

இதன் பலன் என்னவென்று ஒரு தடியை வைத்தே புரிந்துகொள்ளலாம். நான்கு அடி சுற்றளவும் பத்து அடி நீளமும் உள்ள ஒரு பச்சைத் தடி ஏறக்குறைய 350 கிலோ இருக்கும். அதைத் தோட்டத்திலிருந்து வெளியே கொண்டுவர ஆள், டிராக்டர், கிரேன், லாரி வாடகை எல்லாம் வேண்டும். பலகையாக அறுத்துவிட்டால் இரண்டு பேர் தோளில் தூக்கி வந்துவிடலாம்.

பண்ணைகளுக்கும் மில்களுக்கும் இடையே தூரம் அதிகமாக இருக்கும் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் இந்த இயந்திரங்கள் பரவலாக இருப்பதற்கு இதுவே காரணம். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 1982-ல் தொடங்கப்பட்ட வுட்-மைசர், ஆஸ்திரேலியாவின் லூகாஸ், நியூசிலாந்தின் பீட்டர்சன், ஸ்வீடனின் லோகோசோல் ஆகியவை இந்தத் துறையில் அறியப்பட்ட பெயர்கள்.

எத்தனை வகை இருக்கு?

மூன்று வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

• செயின்சா மில்: சாதாரண செயின்சாவின் மேல் ஒரு இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, தடியை நீளவாக்கில் அறுப்பது. மூன்றிலும் இதுதான் விலை குறைவு. எந்தச் சந்திலும் கொண்டுபோகலாம். ஆனால் வேலை மெதுவாக நடக்கும், இடுப்பு ஒடியும், மரத்தூளாகப் போவதும் அதிகம். மேசைப் பலகை மாதிரி அகலமும் தடிமனுமான ஒன்றிரண்டு பலகைகளுக்கு இது சரி.

• கிடைமட்ட பேண்ட் சா மில்: மெல்லிய வளைய ரம்பம், பெட்ரோல், டீசல் அல்லது மின்மோட்டாரில் ஓடும். தூள் சேதாரம் மிகக் குறைவு. நகரும் சாமில் என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

• திரும்பும் வட்ட ரம்ப மில்: வட்ட ரம்பம் கிடையாக ஒரு வெட்டு போட்டுவிட்டு, 90 டிகிரி திரும்பிச் செங்குத்தாக இன்னொரு வெட்டு போடும். தடியைப் புரட்டவே தேவையில்லை. புரட்ட முடியாத பெரிய மரங்களுக்கு ஏற்றது. ஆனால் தூளாகப் போவது பேண்ட் சாவைவிட அதிகம்.

ரம்பத்தின் தடிமன் ஏன் முக்கியம்?

ரம்பம் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தன் பல்லின் அகலத்துக்கு மரத்தைத் தூளாக்குகிறது. மெல்லிய பேண்ட் சாவில் இது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். வட்ட ரம்பத்தில் 5 முதல் 6. செயின்சாவில் 8, 9 வரை போகும்.

மேலே சொன்ன நான்கு அடி சுற்றளவுத் தடியின் விட்டம் சுமார் 39 சென்டிமீட்டர். அதற்குள் அடங்கும் பெரிய சதுரக் கட்டையின் பக்கம் ஏறக்குறைய 27.5 சென்டிமீட்டர். அந்தக் கட்டையை 25 மில்லிமீட்டர் பலகைகளாக அறுத்தால் மெல்லிய பேண்ட் சாவில் 10 பலகை வரும். வட்ட ரம்பத்தில் 9. செயின்சாவில் 8. மரம் அதேதான், ஆனால் இரண்டு பலகை தூளாகப் போய்விடுகிறது. தேக்கு மாதிரி விலை உயர்ந்த மரத்தில் அந்த இரண்டு பலகைக்கு மதிப்பு அதிகம்.

சட்டம் என்ன சொல்லுது?

இயந்திரத்துக்கு முன்பணம் கட்டும் முன்னால் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

இந்தியாவில் சாமில்கள் மீதான கட்டுப்பாட்டின் கதை நீலகிரி மாவட்டம் கூடலூரில் தொடங்குகிறது. அங்கே காட்டு மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 1996 டிசம்பர் 12-ம் தேதி அந்த வழக்கில் வந்த உத்தரவு, 'காடு' என்ற சொல்லுக்கான விளக்கத்தையே நாடு முழுவதும் மாற்றியது. அதே வழக்கின் தொடர்ச்சியாக, மத்திய அதிகாரக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் எந்த மாநிலமும் புதிய சாமில்லைத் திறக்க விடக் கூடாது என்று 2002-ல் உத்தரவு வந்தது. 2015-ல் இந்த முடிவெடுக்கும் அதிகாரம் மாநில அளவிலான குழுக்களுக்குப் போனது. மரம் சார்ந்த தொழில்களுக்கான மத்திய வழிகாட்டுதல்கள் 2016 நவம்பரில் வெளியாகின.

இதற்குப் பின்னால் உள்ள காரணம் எளிமையானது. ஒரு பகுதியில் சட்டப்படி கிடைக்கும் மரத்தைவிட, மரம் அறுக்கும் திறன் அதிகமாகிவிட்டால், மிச்சத் தேவைக்கு மரம் காட்டிலிருந்துதான் வரும்.

"நான் என் சொந்த மரத்தைத்தானே அறுக்கிறேன்? இது சக்கரம் வச்ச சின்ன மிஷின்தானே?" என்ற கேள்வி வரலாம். விதிகளின் கண்ணோட்டம் வேறு. மின்சாரத்தாலோ இயந்திர சக்தியாலோ உருளை மரத்தை அறுப்பதுதான் சாமில் என்பதன் அடிப்படை. இயந்திரம் சிறியதா பெரியதா, சக்கரம் இருக்கிறதா இல்லையா என்பது பெரிய விஷயமில்லை. ஏற்கெனவே அறுத்த பலகையை வாங்கி வேலை செய்யும் தச்சுக்கூடமும், உருளைத் தடியை அறுக்கும் இயந்திரமும் ஒன்றாகப் பார்க்கப்படுவதில்லை. மத்திய வழிகாட்டுதலின்படி, அறிவிக்கப்பட்ட காடு அல்லது பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பொதுவாக உரிமம் தருவதில்லை. தொழிற்பேட்டை, நகராட்சிப் பகுதி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தூரக் கணக்கு மிக முக்கியம்.

அறுப்பதற்கான உரிமம் வேறு, வெட்டுவதற்கான அனுமதி வேறு, எடுத்துப்போவதற்கான அனுமதி வேறு. மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955-ம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். மரத்தை வண்டியில் ஏற்றிச் செல்வதற்கு 1968-ம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. சந்தன மரம் பட்டா நிலத்தில் இருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடவே முடியாது.

விவசாய நிலத்து மரங்களை வெட்டுவதை எளிதாக்க, 2025 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாநிலங்களுக்கு மாதிரி விதிகளை அனுப்பியது. அது மரம் வெட்டுவது பற்றியது. அதை வைத்துக்கொண்டு சாமில்லுக்கு உரிமம் தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

அப்படின்னா என்ன செய்யணும்? இயந்திரத்தின் மாடல், ரம்ப வகை, குதிரைத்திறன், பயன்படுத்தப் போகும் சர்வே எண், எந்த மரங்கள் என்று எல்லாவற்றையும் குறிப்பிட்டு மாவட்ட வன அலுவலருக்கு மனு கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். விற்பனைப் பிரதிநிதி வாயால் சொல்லும் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்பது அனுமதி ஆகாது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் மரம், இயந்திரம் இரண்டும் பறிமுதலாகி, வழக்கு வரை போகலாம்.

'ஹார்டுவுட்' அறுப்பதில் என்ன சிக்கல்?

ஹார்டுவுட் என்பது தாவரவியல்படி அகன்ற இலை மரங்களைக் குறிக்கும் சொல். தேக்கு, வேம்பு, வாகை, பலா, பூவரசு, மகாகனி, புளி எல்லாமே இதில் வரும். பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்கள் 'சாஃப்ட்வுட்'. வெளிநாட்டு வீடியோக்கள் பலவற்றில் வெண்ணெய் மாதிரி அறுபடுவது பைன். அந்த வேகத்தை நம்மூர் மரத்தில் எதிர்பார்க்கக் கூடாது.

தேக்கில் சிலிக்கா இருப்பதால் ரம்பத்தின் பல் சீக்கிரம் மழுங்கும். வேம்பு போன்ற மரங்களில் இழை பின்னிக்கொண்டு ஓடும். மழுங்கிய ரம்பத்தைப் போட்டால் வெட்டு நேராகப் போகாமல் அலையலையாக வரும். முற்றிய புளியங்கட்டை இயந்திரத்தின் பலத்தையே சோதித்துவிடும். கடின மரத்துக்குப் பல்லின் சாய்வு குறைவான ரம்பம் வேண்டும். தள்ளும் வேகத்தையும் குறைக்க வேண்டும். பிசின் ஒட்டாமலும் சூடேறாமலும் இருக்க, ரம்பத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு எதிரி, மரத்துக்குள் ஒளிந்திருக்கும் இரும்பு. வேலிக்கு அடித்த முள்கம்பி, விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி, மாடு கட்டிய கொக்கி என எல்லாவற்றையும் மரம் வருடக்கணக்கில் விழுங்கி வைத்திருக்கும். ஓர் ஆணி போதும், புது ரம்பம் வீணாகும். கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டரால் தடியைத் தடவிப் பார்த்துவிட்டு அறுப்பதே நல்லது.

வைரம் பாய்ந்த பகுதி எவ்வளவு என்பதும் கவனிக்க வேண்டியது. தண்ணீர் பாய்ச்சி வேகமாக வளர்த்த இளம் தேக்கில் வெளிப்புற வெள்ளைப் பகுதி அதிகமாக இருக்கும். அந்த வெள்ளையில்தான் பூச்சி விழும். எவ்வளவு நல்ல இயந்திரம் வாங்கினாலும் வெள்ளையை வைரமாக்க முடியாது.

கன அடி கணக்கில் ஏமாற்று இருக்கா?

மர வியாபாரத்தில் பரவலாக உள்ள முறை, சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. நான்கு அடி சுற்றளவு, பத்து அடி நீளம் என்றால் 1 x 1 x 10 = 10 கன அடி.

ஆனால் அதே உருளையின் உண்மையான கன அளவு 12.7 கன அடி. அதாவது இந்த முறையில் மொத்த மரத்தில் 78.5 சதவீதம்தான் கணக்கில் வருகிறது. இது தெரியவந்ததும், "இத்தனை வருஷமா ஏமாத்திட்டாங்களே" என்று கோபம் வரலாம். கொஞ்சம் பொறுக்கணும். முதுகுக்கட்டையும் தூளும் போக மிஞ்சுவதைத் தோராயமாகக் காட்டவே இந்த வழக்கம் பயன்படுகிறது. மேலே பார்த்த அதே தடியில் மெல்லிய பேண்ட் சா கொடுத்த 10 பலகைகளைச் சேர்த்தால் வருவது ஏறக்குறைய 7.4 கன அடி. ஓரங்களில் ரீப்பர், சிறு சட்டங்கள் கொஞ்சம் தேறும். தடி கோணலாகவோ, பொந்து விழுந்தோ இருந்தால் இதுவும் குறையும்.

ஆக, வியாபாரி சொல்லும் தடி விலையையும் மரவாடியின் பலகை விலையையும் நேருக்கு நேர் வைத்துக் கழித்து, "இவ்வளவு லாபம்" என்று எடுத்துக்கொள்வது தப்புக் கணக்கு. 10 கன அடி தடி, 10 கன அடி பலகை ஆகாது.

அறுத்தாச்சு, அப்புறம்?

பலகை விழுந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். பச்சைப் பலகையில் கதவு செய்தால், கதவு பிறகு தானாகவே கோணிக்கொள்ளும்.

ஓர் அங்குலத் தடிமன் காய ஓராண்டு என்பது குளிர் நாடுகளில் சொல்லப்படும் தோராயக் கணக்கு. நம்மூர் வெப்பத்தில் அதைவிட வேகமாகக் காயும். ஆனால் வேகமாகக் காய்வதுதான் இங்கே ஆபத்து. வெயிலில் போட்டால் பலகையின் முனைகள் வெடித்து, ஒவ்வொரு முனையிலும் அரை அடி வீணாகும்.

சரியாக அடுக்கும் முறை இதுதான்:

• தடியை வெட்டியதுமே இரு முனைகளிலும் மெழுகோ கெட்டியான பெயின்ட்டோ பூச வேண்டும்.
• தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சமமான தளத்தில், நிழலில், காற்று ஓடும் இடத்தில் அடுக்க வேண்டும்.
• பலகைகளுக்கு இடையே ஓர் அங்குலக் குச்சிகளை ஒன்றரை முதல் இரண்டடி இடைவெளியில் வைக்க வேண்டும். மேல்குச்சியும் கீழ்க்குச்சியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும்.
• மேலே பாரம் வைத்து, மழை படாமல் மூட வேண்டும். பக்கவாட்டை மூடக் கூடாது.
• வெள்ளைப் பகுதி உள்ள பலகைகளுக்குப் பச்சையாக இருக்கும்போதே போரான் கரைசல் கொடுத்தால் பூச்சி அண்டாது.

காய்ந்ததா இல்லையா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. ஈரப்பதமானி வாங்கிக்கொள்வது அவசியம். எந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு ஈரம் வரை இருக்கலாம் என்பதற்கு ஐ.எஸ். 287 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. வீட்டுக்குள் வைக்கும் மரச்சாமான்களுக்குப் பொதுவாக 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. காயும்போது மரம் சுருங்கும், பிறகு இழைக்கவும் வேண்டும். எனவே 25 மில்லிமீட்டர் பலகை வேண்டுமென்றால் 28 முதல் 30 மில்லிமீட்டரில் அறுக்க வேண்டும்.

கட்டுப்படியாகுமா?

அமெரிக்காவில் கையால் தள்ளும் சிறிய பேண்ட் சா மில்கள் சில ஆயிரம் டாலரிலிருந்து கிடைக்கின்றன. தடியைத் தூக்கிப் புரட்டும் ஹைட்ராலிக் வசதி சேர்ந்தால் விலை பல பத்தாயிரம் டாலராகும். இறக்குமதி செய்தால் கப்பல் கட்டணம், சுங்கவரி, ஜி.எஸ்.டி. எல்லாம் மேலே ஏறும்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். இயந்திரத்துக்கு எல்லாம் சேர்த்து 5 லட்சம் ரூபாய். சாமில் கூலி கன அடிக்கு 100 ரூபாய். சொந்தமாக அறுத்தால் எரிபொருள், ரம்பம், ஆள்கூலி சேர்த்து 50 ரூபாய் ஆகிறது. மிச்சம் கன அடிக்கு 50 ரூபாய். போட்ட 5 லட்சத்தை எடுக்க 10,000 கன அடி அறுக்க வேண்டும். ஒரு மரத்துக்குப் பத்து கன அடி என்றால் 1,000 மரம்! தோட்டத்தில் நூறு தேக்கு இருப்பவருக்கு இது எட்டாத தூரம். உங்கள் ஊர்க் கூலி, இயந்திர விலை ஆகியவற்றைப் போட்டு இதே கணக்கை நீங்களே செய்து பார்க்கலாம்.

ஆனால் கூலி மிச்சம் மட்டுமே கணக்கு இல்லை. வேம்பு, வாகை, பலா, மா என்று விறகு விலைக்குப் போகும் மரங்களில்தான் நகரும் சாமில்லின் பலன் அதிகம் தெரியும். நல்ல தேக்குத் தடிக்கு வாங்க ஆள் தானாக வரும். தூங்குமூஞ்சி வாகையின் அகலமான அடிமரம் விறகாகப் போனால் ஒரு விலை, மேசைப் பலகையாகக் காய்ந்து நின்றால் வேறு விலை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டாவில் லட்சக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அப்போது விழுந்த மரத்தை அகற்றுவதே விவசாயிக்குச் செலவானது. மரம் கிடக்கும் இடத்துக்கே போய் அறுக்கும் வசதி அந்த மாதிரி நேரத்தில்தான் கை கொடுக்கும்.

வாங்குவது என்றே முடிவு செய்தால்...

• உங்கள் மரங்களில் பெரியதன் விட்டத்தையும் நீளத்தையும் முதலில் அளந்துகொள்ளுங்கள். அந்த அளவு இயந்திரத்தில் ஏறுமா என்று பாருங்கள்.
• ரம்பம் உள்ளூரில் கிடைக்குமா, யார் சாணை பிடிப்பார்கள் என்று கேளுங்கள். ரம்பத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்தால் வேலை நிற்கும்.
• தடியை ஏற்ற, புரட்ட என்ன வசதி இருக்கிறது? 350 கிலோ தடியைக் கடப்பாரையால் மட்டும் சமாளிப்பது ஆபத்து.
• உங்கள் தோட்டத்து மரத்தையே கொண்டுபோய் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். பலகையின் இரு முனைகளிலும் நடுவிலும் தடிமன் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.
• உதிரிபாகமும் சர்வீஸும் எந்த ஊரிலிருந்து வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசம் கூடாது. உருளும் தடியும் அறுந்து தெறிக்கும் ரம்பமும் உயிரைக் குடிக்கும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சேர்த்திருக்கிறது. தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் தரும். முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பான் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. கழுத்தில் துண்டு, தொங்கும் வேட்டி, லுங்கியுடன் பக்கத்திலேயே போகக் கூடாது.

வாங்காமலே வழி இருக்கா?

இருக்கு. மரத்தை நிற்கும் நிலையில் விற்காமல், அனுமதியோடு வெட்டி, உரிமம் உள்ள சாமில்லில் கூலி கொடுத்து அறுத்து, பலகையாகக் காயவைத்து விற்பது முதல் வழி. கூடுதல் லாபத்தில் பெரும்பகுதி அறுப்பதில் அல்ல, தரம் பிரித்துச் சரியாகக் காயவைப்பதில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு கொட்டகையும் பொறுமையும் போதும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, ஒரே உரிமம், ஒரே இயந்திரம் என்று பல தோட்டங்களின் மரத்தைக் கையாள முடியுமா என்று வனத்துறையிடம் கேட்பது இரண்டாவது வழி. மேலே பார்த்த 10,000 கன அடி தனி ஆளுக்கு எட்டாது. ஐம்பது பேர் சேர்ந்தால் எட்டும்.

மரம் வளர்ப்பு பற்றிய ஆலோசனைக்கு மேட்டுப்பாளையத்தில் உள்ள வனக் கல்லூரியையும், மரத்தைப் பதப்படுத்துவது பற்றிய பயிற்சிக்குப் பெங்களூருவில் உள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தையும் அணுகலாம்.

தனியாக வாங்கினாலும், சேர்ந்து வாங்கினாலும் வரிசை இதுதான். முதலில் வனத்துறையின் எழுத்துப்பூர்வ பதில். அடுத்து, அறுக்க எத்தனை கன அடி மரம் இருக்கிறது என்ற கணக்கு. மூன்றாவது, காயவைக்க நிழலான இடம். இந்த மூன்றும் கையில் இருந்தால் மட்டும் இயந்திரத்தின் விலையை விசாரிக்கலாம்.